வேலையில் அடிபட்டால்

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிடித்தம் என்று ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தில் ஈ.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறதா? இங்கிலீஷில் மூன்றே எழுத்து. அதற்கு நேராக எத்தனை ரூபாய் என்று எழுதியிருக்கிறது? அதைப் படித்துவிட்டுப் பாடத்துக்கு வாருங்கள்.

எங்களுக்குச் சம்பளச் சீட்டே கிடையாது என்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பாடத்தை இரண்டு முறை படியுங்கள்.

சனத்நகர் தவாகானா

ஹைதராபாத்தில் ஆட்டோக்காரரிடம் ஆஸ்பத்திரி என்று சொன்னால் யோசிப்பார். தவாகானா என்றால் உடனே வண்டியை எடுப்பார். "ஈ.எஸ்.ஐ. தவாகானா" என்றால் நேரே சனத்நகருக்கே கொண்டுவந்து விடுவார். எர்ரகட்டா பக்கம் மெட்ரோ ரயில் நிலையத்துக்கே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்றுதான் பெயர். இந்த ரயில் 2017 நவம்பரில் ஓடத் தொடங்கியது. ஆஸ்பத்திரி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது.

அது ஏன் இங்கே வந்தது? சனத்நகர் தொழிற்பேட்டை. பிரிட்ஜும் பஸ் கூண்டும் கைக்கடிகாரமும் செய்த ஆல்வின் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. பக்கத்திலே பாலாநகர். கொஞ்சம் தள்ளி ஜீடிமெட்லா. எங்கே பார்த்தாலும் லேத், பிரஸ், வெல்டிங், மருந்து, பெயின்ட். மெஷின் இருக்கும் இடத்தில் அடிபடுவதும் இருக்கும். அதனால்தான் தொழிலாளிகளுக்கென்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி. 2016 முதல் அங்கே மருத்துவக் கல்லூரியும் நடக்கிறது. ஈ.எஸ்.ஐ. கட்டும் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு இந்தக் கல்லூரிகளில் தனியாகச் சில இடங்கள் உண்டு. இது நம்மில் பலருக்குத் தெரியாது. உங்கள் பிள்ளை பிளஸ் டூ படிக்கிறான் என்றால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

90 ரூபாயின் கதை

எங்கள் மையத்தில் படிக்கும் ஓர் அக்கா ஒரு நாள் ஒரு பழைய சீட்டைக் கொண்டுவந்தார். கடைக்குப் போகும்போது பஸ் பெயர் படிப்பார். ரேஷன் கார்டு படிப்பார். இப்போது இந்தச் சீட்டு.

"டீச்சர், இதுல தொண்ணூறுன்னு போட்டிருக்கே, அது என்னா?"

"இது யாரோட சீட்டுக்கா?"

"எங்க வீட்டுக்காரரோடது. விரலு போறதுக்கு முந்தின மாசம் குடுத்தது."

"ஈ.எஸ்.ஐ. பிடிச்சிருக்காங்களேக்கா! அந்த ஆபீசுல போயிக் கேட்டீங்களா?"

"நமக்கு அதெல்லாம் கெடையாதுன்னு ஓனரு சொல்லிட்டாரு டீச்சர். அஞ்சாயிரம் குடுத்து ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிக்கிட்டாரு."

அந்த அண்ணன் ஒரு தகரப் பட்டறையில் பிரஸ் ஓட்டியவர். பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பக்கத்தில் இருந்த தனியார் நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். பில்லை ஓனரே கட்டினார். மனிதர் நல்லவர் என்று இவர்களும் நினைத்துக்கொண்டார்கள். நர்சிங் ஹோமில் கட்டிய அந்தப் பில் வேறு, ஈ.எஸ்.ஐ.யில் கிடைக்க வேண்டியது வேறு. அது அவர்களுக்குத் தெரியாது. எட்டு மாதம் ஓடிவிட்டது.

அந்த 90 ரூபாய் எப்படி வந்தது என்று பார்ப்போம். மாதச் சம்பளம் 12,000 ரூபாய். தொழிலாளியிடம் 100 ரூபாய்க்கு 75 பைசா பிடிக்க வேண்டும். 12,000 ரூபாய்க்கு 90 ரூபாய். முதலாளி தன் பங்காக 100 ரூபாய்க்கு 3 ரூபாய் 25 பைசா போட வேண்டும். அது 390 ரூபாய். மொத்தம் 480 ரூபாய் மாதா மாதம் ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனுக்குப் போக வேண்டும். இந்தக் கணக்கு 2019 ஜூலை 1 முதல் நடக்கிறது. அதற்கு முன் இரண்டு பேருக்குமே பிடித்தம் அதிகமாக இருந்தது.

யாருக்கெல்லாம் ஈ.எஸ்.ஐ. உண்டு? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை. மாதச் சம்பளத்துக்கு ஒரு வரம்பும் உண்டு. 2017 ஜனவரி 1 முதல் அது 21,000 ரூபாய். ஊனமுற்ற தொழிலாளிக்கு 25,000. இந்த வரம்பு அவ்வப்போது மாறும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"நாங்க காண்ட்ராக்ட் ஆளுங்க. எங்க மேஸ்திரிக்கு ஈ.எஸ்.ஐ. தெரியாது" என்று சிலர் சொல்வார்கள். மேஸ்திரிக்குத் தெரியாமல் இருக்கலாம். எந்தக் கம்பெனிக்குள் வேலை செய்கிறீர்களோ அந்தக் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு. முதலில் கம்பெனி கட்ட வேண்டும். பிறகு காண்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்ளட்டும். அது அவர்கள் பாடு.

இது தர்மம் அல்ல

ஜெர்மனியில் 1884ஆம் ஆண்டிலேயே தொழிலாளி விபத்துக்கு இன்சூரன்ஸ் சட்டம் போட்டார்கள். அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர்களுக்கு அடிபட்டால் நஷ்ட ஈடும் வைத்தியமும் கொடுக்க 1916இல் சட்டம் வந்தது. நம் நாட்டில் வெள்ளைக்காரர் காலத்தில், 1923இல், தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு சங்கடம். நஷ்ட ஈட்டை முதலாளியே கொடுக்க வேண்டும். அவர் கொடுக்காவிட்டால் கேஸ் போட வேண்டும். கை போனவன் கோர்ட்டுக்கு எத்தனை நாள் நடப்பான்?

அதனால் 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் செய்தார்கள். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் போடுவது. யாருக்கு அடிபட்டாலும் அந்தப் பொதுப் பணத்தில் இருந்து எடுத்துக் கொடுப்பது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு இதைத் தொடங்கிவைத்தார். முதலில் கான்பூரும் டெல்லியும் மட்டும்தான். பிறகு நாடு முழுக்க வந்தது.

இப்போது சட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது. 1923 சட்டம், 1948 சட்டம் இரண்டையும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்த்துவிட்டார்கள். அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறினாலும் ஈ.எஸ்.ஐ. போய்விடவில்லை.

உங்கள் 90 ரூபாயும் இந்தப் பணத்தில் இருக்கிறது. ஆகையால் கவுன்டரில் யாராவது எரிந்து விழுந்தால் தலைகுனிய வேண்டியதில்லை. 2019இல் தெலங்கானாவில் ஈ.எஸ்.ஐ. மருந்து வாங்கியதில் பெரிய மோசடி என்று லஞ்ச ஒழிப்புத் துறை அதிகாரிகளையே கைது செய்தது. மருந்து இல்லை என்று வெளியே எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். கேட்பது தப்பே இல்லை.

அடிபட்ட அன்று

முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள். ஆளைக் காப்பாற்றுங்கள். உயிர் போகும் நிலைமை என்றால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே கொண்டுபோங்கள். ரசீது, சீட்டு, எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள். பிறகு ஈ.எஸ்.ஐ.க்குத் தகவல் கொடுத்து, முடிந்த சீக்கிரம் அங்கே மாறுங்கள்.

அடுத்த வேலை, சொல்வது. சூப்பர்வைசரிடமோ ஓனரிடமோ விபத்தைச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னாலும் செல்லும். எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அடிபட்டவரே எழுத வேண்டும் என்றில்லை. கூட வேலை செய்பவர் எழுதலாம். பெண்டாட்டி எழுதலாம். ஒவ்வொரு தொழிற்சாலையிலும் விபத்துப் புத்தகம் ஒன்று வைத்திருக்க வேண்டும். அதற்கு 11ஆம் எண் பாரம் என்று பெயர். அதில் உங்கள் பெயர், நேரம், எந்த மெஷின், எந்த உறுப்பு, யார் பார்த்தார்கள் என்று பதிய வேண்டும்.

பிறகு ஓனர் 12ஆம் எண் பாரத்தை நிரப்பி ஈ.எஸ்.ஐ.க்கு அனுப்ப வேண்டும். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பது விதி. பெரிய விபத்து, சாவு என்றால் உடனே. எல்லாவற்றுக்கும் தலை இந்தப் பாரம்தான். இது போகவில்லை என்றால் ஆபீசுக்கு விபத்து நடந்ததே தெரியாது. ஆகவே ஓனரிடம், "12ஆம் பாரம் அனுப்பிட்டீங்களா சார்? ஒரு நகல் குடுங்க" என்று கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டாலே போதும். மறுத்தால் கிளை அலுவலகத்துக்கு நீங்களே போய்ச் சொல்லலாம். கட்டணமில்லாத போன் எண்ணும் உண்டு: 1800-11-2526.

மூன்றாவது, ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சர்டிபிகேட். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு அவர் எழுதித் தருவார். அந்தச் சீட்டைக் கிளை அலுவலகத்தில் கொடுத்தால்தான் பணம் உங்கள் பாங்குக் கணக்குக்கு வரும்.

எவ்வளவு கிடைக்கும்?

வைத்தியம், ஆபரேஷன், மருந்து எல்லாம் இலவசம். அதோடு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 100க்கு 90 பங்கு. நாள் கூலி 400 என்றால் ஒரு நாளைக்கு 360 ரூபாய். 60 நாள் படுத்திருந்தால் 21,600 ரூபாய். குணமாகும் வரை இது வரும். ஆனால் மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்திருக்க வேண்டும். அடிபட்ட நாள் இந்தக் கணக்கில் சேராது.

சாதாரணக் காய்ச்சலுக்குப் பணம் வாங்க வேண்டுமானால் இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. வேலை விபத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

காயம் ஆறியது. ஆனால் விரல் திரும்பி வராதே! அதற்கும் சட்டத்தில் கணக்கு இருக்கிறது. உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20. நான்கு விரல் போனால் 50. ஒரு கண் போனால் 40. படிக்கும்போது கசாப்புக் கடைக் கணக்கு மாதிரித்தான் இருக்கிறது. ஆனாலும் இது தெரிந்திருக்க வேண்டும். மருத்துவக் குழு பார்த்துச் சதவீதத்தை எழுதும். பிறகு ஆயுள் முழுவதும் பணம் வரும். அந்த அண்ணனுக்குக் கணக்குப் போடுவோம். 360 ரூபாயில் 20 சதவீதம் 72 ரூபாய். 30 நாளைக்கு 2,160 ரூபாய். வேறு வேலைக்குப் போனாலும் இது நிற்காது. மருத்துவக் குழு குறைத்துப் போட்டுவிட்டது என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். நாள் கடத்தாமல் செய்ய வேண்டும்.

தொழிலாளி இறந்துபோனால் குடும்பத்துக்கு மாதா மாதம் பணம் உண்டு. கூலியில் 90 சதவீதத்தை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். அடக்கச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை உண்டு.

சண்டை வரும் இடங்கள்

"அவன் தப்புதான். மெஷின் ஓடும்போது கையை விட்டான்" என்பார்கள். இதுதான் எப்போதும் வரும் பேச்சு. சட்டம் என்ன சொல்கிறது? விதியை மீறி வேலை செய்திருந்தாலும், அது முதலாளியின் வேலைக்காகச் செய்ததுதான் என்றால் ஈ.எஸ்.ஐ. உரிமை போகாது. யோசித்துப் பாருங்கள். மெஷினை நிறுத்தித் துடைத்தால் உற்பத்தி குறையும் என்று திட்டுவது யார்?

"ரோட்டில்தானே அடிபட்டது" என்பார்கள். வீட்டில் இருந்து வேலைக்குப் போகும் வழியிலோ, திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும் வேலை விபத்தாக ஆகலாம். 2010இல் இதைச் சட்டத்தில் சேர்த்தார்கள். நேரமும் வழியும் வேலையோடு பொருந்தி வர வேண்டும். ஷிப்ட் முடிந்து சினிமாவுக்குப் போய்விட்டு வந்தால் கஷ்டம்.

"ஓனர் பணமே கட்டலையாம்" என்பார்கள். கட்டாமல் விட்டது ஓனரின் குற்றம். ஈ.எஸ்.ஐ. விசாரித்து உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூல் செய்ய வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு ஏதாவது சாட்சி வேண்டும். சம்பளச் சீட்டு, கேட் பாஸ், பாங்குப் புத்தகம், போனில் வந்த சம்பள மெசேஜ், கூட வேலை செய்தவர் எதுவானாலும் சரி.

2025 ஜூன் 30 அன்று சங்காரெட்டி மாவட்டம் பாசமைலாரத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலை வெடித்தது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நிறையப் பேர் வெளி மாநிலத்தில் இருந்து வந்தவர்கள். உடலை வைத்து ஆளை அடையாளம் காண முடியவில்லை. டி.என்.ஏ. பரிசோதனை செய்துதான் கண்டுபிடித்தார்கள். வெளியூர்த் தொழிலாளியின் பெயர் ஒரு பதிவேட்டில் சரியாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! உங்கள் ஈ.எஸ்.ஐ. எண் 10 இலக்கம். அதை வீட்டிலும் ஒரு சுவரில் எழுதி வையுங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.

அந்த அக்காவுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். சீட்டை எடுத்துக்கொண்டு கிளை அலுவலகம் போனோம். விபத்துத் தகவலே வரவில்லை என்றார்கள். எட்டு மாதம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று வேறு கேட்டார்கள். நர்சிங் ஹோம் சீட்டையும் கூட இருந்த ஒரு தொழிலாளியின் வாக்குமூலத்தையும் கொடுத்தோம். நாலைந்து முறை அலைந்த பிறகு ஓர் அதிகாரி பட்டறைக்குப் போய் விசாரித்தார். வேலை விபத்து என்று ஒத்துக்கொண்டார்கள். 5,000 ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கிய தாள் செல்லவில்லை. தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுத்ததாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் சட்டம் அதை ஏற்காது. 20 சதவீதம் போட்டார்கள். ஆனால் ஈ.எஸ்.ஐ. டாக்டர் சர்டிபிகேட் இல்லாத நாட்களின் பணம் போனது போனதுதான். அது வரவில்லை. அக்காவுக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சிகிச்சையில் இருக்கும் தொழிலாளியை நிறுத்தக் கூடாது என்று 1948 சட்டத்தின் 73ஆம் பிரிவிலேயே எழுதினார்கள். அப்படி நோட்டீஸ் வந்தால் அன்றே கிளை அலுவலகத்திலும் தொழிலாளர் துறையிலும் காட்டுங்கள்.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்கள்

நாலு பேர் மட்டும் வேலை செய்யும் சின்னப் பட்டறைக்கு ஈ.எஸ்.ஐ. இல்லாமல் இருக்கலாம். அவர்களுக்கு 1923 சட்டம் காட்டிய வழி புதுச் சட்டத்திலும் இருக்கிறது. முதலாளியே நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறையில் நஷ்ட ஈட்டுக் கமிஷனர் என்ற அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதம் 12,000 வாங்கியவர் என்றால் 6,000 பெருக்கல் 184.17. பதினொரு லட்சத்து ஐயாயிரத்து இருபது ரூபாய். ஓர் உயிருக்கு ஐம்பதாயிரம் கொடுத்து ஊருக்கு ரயில் ஏற்றிவிடும் காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். இந்தக் கணக்கை அவர்கள் முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

எழுதிப் பழகுவோம்

கீழே ஒரு கடிதம் இருக்கிறது. கோடு போட்ட இடங்களை நிரப்பி உங்கள் நோட்டில் எழுதுங்கள். இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும். இங்கே தமிழ் படிக்கத் தெரியாத அதிகாரியாக இருந்தால், பக்கத்தில் இருப்பவரைத் தெலுங்கில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அனுப்புநர்: ________
ஈ.எஸ்.ஐ. எண்: ________

பெறுநர்: மேலாளர் அவர்கள், ________ தொழிற்சாலை, சனத்நகர், ஹைதராபாத்.

ஐயா,

நான் உங்கள் தொழிற்சாலையில் ________ ஆண்டாக வேலை செய்கிறேன். ________ தேதி ________ மணிக்கு ________ மெஷினில் வேலை செய்யும்போது என் ________ல் அடிபட்டது. அப்போது கூட இருந்து பார்த்தவர்கள் ________, ________. விபத்துப் புத்தகத்தில் இதைப் பதியவும், 12ஆம் எண் பாரத்தை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு உடனே அனுப்பி, எனக்கு ஒரு நகல் கொடுக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
________

எழுதி முடித்துவிட்டீர்களா? இப்போது ஒரு கணக்கு. உங்கள் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 16,000 ரூபாய் என்றால் தொழிலாளியின் பங்கு எவ்வளவு? முதலாளியின் பங்கு எவ்வளவு? விடையை அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.